கேரம் போர்டுக்கு ஒரு கண்ணாடி

நாற்பத்தைந்து வயதில் என் கை போய்விட்டது என்றே நம்பினேன். காலடிப்பேட்டை கேரம் கிளப்பில், கோட்டில் வைத்த ஸ்ட்ரைக்கரே மங்கலாகத் தெரிந்தது. படிக்கும் கண்ணாடியைப் போட்டால் எதிர்மூலை பாக்கெட் கலங்கியது.

"இன்னாக்கா, கை அவுட்டா?" என்று சிரித்தாள், அதுவரை என்னிடம் தோற்றுக்கொண்டிருந்த மேரி.

ரோஷத்தோடு கண் டாக்டரிடம் போய், "ஆபரேஷன் பண்ணிடுங்க" என்றேன்.

"அதெல்லாம் அப்புறம்மா. எவ்வளவு தூரத்துல தெரியணும்?"

சொல்லத் தெரியவில்லை. மறுநாள் கேரம் போர்டையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். வாய்விட்டுச் சிரித்த டாக்டர், ஸ்ட்ரைக்கரும் பாக்கெட்டும் சேர்ந்து தெரியும்வரை லென்ஸ்களை மாற்றிப் பார்த்தார்.

புதுக் கண்ணாடியோடு உட்கார்ந்த முதல் ஆட்டத்திலேயே சிவப்புக் காயைப் போட்டு, அடுத்த அடியிலேயே அதற்கு ஃபாலோ காயும் போட்டேன்.

"அழுகுணி ஆட்டம்க்கா! கண்ணாடி போட்டுகினு ஆடுற!" என்று கத்தினாள் மேரி.

என் கை எங்கேயும் போகவில்லை. மேரிதான் இப்போது அந்த டாக்டர் எங்கே என்று கேட்கிறாள். நான் இன்னும் சொல்லவில்லை.