கிரிக்கெட் மட்டும்

எங்கள் ஊர் ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் 'கிரிக்கெட் மட்டும்' என்று விதி வைக்கச் சொல்லி அட்மினை நச்சரித்தவன் நான்தான். காலை வணக்கப் பூப்படங்களும் மனை விற்பனை விளம்பரங்களும் அவ்வளவு எரிச்சலைக் கிளப்பியிருந்தன. அட்மின் உரக்கடைக்காரர். விதியைக் கறாராகவே பிடித்துக்கொண்டார். சம்பா அறுப்பு சமயம், மழை இருட்டிக்கொண்டு வருகிறது, அறுப்பு மெஷின் எங்காவது சும்மா நிற்கிறதா என்று ஒருவர் பதறிப்போய்க் கேட்டதைக்கூட அழித்தார். வெட்கங்கெட்டு நானும் அதற்குக் கைதட்டினேன்.

குறுவை நட்டு முடித்த நேரத்தில் ஒரு மேட்ச். நம் அணிக்காரர் ஒருவர் சுலபமான கேட்ச்சை விட்டுவிட்டார். உடனே குரூப்பில் ஒருவன் அவருடைய அம்மாவைப் பற்றி அசிங்கமாக எழுதினான். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். போட்டவர்களில் பாதிப் பேர் கோயில் திருவிழாவில் என்னோடு பந்தியில் உட்காருகிறவர்கள். தூ!

"பெத்தவங்களப் பத்தி இப்படியா எழுதுறது?" என்று கேட்டேன். சற்று நேரத்தில் என் வரி காணாமல் போனது. அந்த அசிங்கம் அப்படியே இருந்தது.

மறுநாள் யூரியா வாங்கப் போனபோது அட்மினிடம் நேராகவே கேட்டேன். அவர் சிரித்த முகம் மாறாமல் சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க சார். அவன் எழுதுனது கேட்ச்சப் பத்தி. நீங்க எழுதுனதுல கிரிக்கெட் எங்கங்க இருக்கு?"