மேரிகிறேஸின் வான்கதவு

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத்துத் தையல் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள் மேரிகிறேஸ். கோடு கோணினால் அவளுக்குச் சோறு இறங்காது. நூலகத்துக் கண்காட்சிக்காக அசீரியர்களின் பழைய நீர்ப்பாலத்தைச் சிறிதாகக் கட்டியபோது கல் அடுக்கியதும், கசியாமல் சாந்து பூசியதும், எண்பது சென்ரிமீற்றருக்கு ஒன்று என்று சரிவு பிடித்ததும் அவள்தான். தண்ணீர் மிஞ்சினால் வழியவிட ஓரத்தில் ஒரு பலகைக் கதவும் வைத்தாள். அவள் பிறந்த கிளிநொச்சியில் அதற்கு வான்கதவு என்று பெயர்.

வேலைக்குப் பொறுப்பாக இருந்த, தமிழ்நாட்டிலிருந்து வந்த பொறியியலாளர் சந்திரசேகரன் எப்போதாவது எட்டிப்பார்த்துப் படம் எடுப்பான். ஒருநாள், "சீமெந்து வானுக்குள்ள கிடக்கு, தம்பி" என்றாள். அவன் அண்ணாந்து ஆகாயத்தைப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

"வேனைத்தான் வான்னு சொல்றீங்களா அக்கா? சரி, கத்துக்கிட்டேன்."

திறப்பு விழாவுக்கு முதல்நாள் பெயர்ப்பலகை வந்தது. 'வடிவமைப்பு, கட்டுமானம்: சந்திரசேகரன். தேநீர் உதவி: மேரிகிறேஸ்.' அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். பாவி, ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்காதவன்! பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். மேரிகிறேஸுக்குப் பூமி வேண்டாம், அந்தப் பலகையில் ஒரு வரி போதும். அதையும் அவன் வாயாலேயே வாங்குவது என்று முடிவுகட்டினாள். மறுநாள் வானைப் பூட்டாமல் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

மேடையில் சந்திரசேகரன் கதை அளந்துகொண்டிருந்தான். அசீரிய மன்னன் சனகெரிப்பின் கால்வாய் மதகு திறப்பு நாளில் தானாகவே திறந்துகொண்டதாம். மன்னன் கோபிக்காமல் வேலையாட்களுக்குப் பொன் மோதிரம் போட்டானாம். ஊர் ஊராக அழித்த அந்த ராசாவுக்கே வேலை செய்த கை எது என்று தெரிந்திருக்கிறது என்று மேரிகிறேஸ் பல்லைக் கடித்தாள். பாலத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை முழுதாகத் திறந்தாள். தண்ணீர் பாலத்தின் விளிம்புவரை ஏறியது.

"தம்பி, ஓடுங்கோ! வான்கதவைத் திறவுங்கோ, கெதியா!"

"இதோக்கா!" என்று அவன் பாய்ந்து வெளியே ஓடினான். கொட்டும் மழையில் அவளுடைய வானின் கதவைத் திறந்து உள்ளே தேடுவதைக் யன்னல் கண்ணாடிக்கூடாக எல்லோரும் பார்த்தார்கள். தமிழ்ச்சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மேரிகிறேஸ் இரண்டு விரலால் பாலத்தின் ஓரத்துப் பலகைக் கதவைத் தூக்கினாள். தண்ணீர் அடங்கி வழிந்தது.

தெப்பமாக நனைந்து அவன் திரும்பினான். "வேன்ல ஒண்ணுமே இல்லையே அக்கா?"

"நீங்கள் கட்டிய கதவு எங்கே இருக்கிறதென்று உங்களுக்கே தெரியாதா?" சிரிப்புக்குக் காரணத்தைப் பக்கத்தில் விசாரித்தறிந்த நூலக அதிகாரி யூலியானா டேனிஷில் கேட்டாள். "அப்படியானால் இதைக் கட்டியது யார்?"

அவன் தலை குனிந்தது. "அவங்கதான்."

மேரிகிறேஸுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனாலும் விடவில்லை. தேநீர்த் தட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"சனத்துக்குக் குடுங்கோ, தம்பி. ஆறப்போகுது."