கேனை மூடுங்க டாக்டர்

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் உறைவிந்து கேனுடன் மாடுகளுக்குச் சினை ஊசி போடப் போனபோது அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். முப்பது வயதிருக்கும். புடவைமேல் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். ஊசி போட்டபின், விந்து அடைத்து வந்த காலிக் குழாயை எறியவிட மாட்டார். எந்தக் காளையுடையது என்று அதில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுக் கொட்டகைக் கீற்றில் செருகிவைப்பார்.

அன்று என்னிடம் வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்த சரக்கு இருந்தது.

“பெரிய காளைம்மா. பொறக்குற கிடாரி இருபது லிட்டர் கறக்கும்,” என்றேன்.

அவர் பசுவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

“இது தலையீத்து டாக்டர். கன்னு பெருசா இருந்தா யாரு முக்குறது, உங்க காளையா?”

“அங்கேயே எல்லாம் பார்த்துத்தான் அனுப்புவாங்க.”

“அவங்க பார்த்திருப்பாங்க. நீங்க பார்த்தீங்களா? சின்னக் கன்னு போடுற காளையாக் கொண்டாங்க. இல்லேன்னா கேனை மூடுங்க.”

“பருவம் சாயங்காலம் வரைக்கும்தான். விட்டா மூணு வாரம் காத்திருக்கணும்.”

“காத்திருக்கேன். மாடு செத்தா எத்தனை வாரம் காத்திருக்கிறது?”

எரிச்சலோடு வண்டிக்குப் போய், சரக்கோடு வந்த விவரத்தாளை எடுத்தேன். தலையீற்றுப் பசுக்களுக்கு வேண்டாம் என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. முப்பது வருடச் சர்வீஸில், பால் அளவு போட்டிருக்கும் வரியைத் தாண்டி நான் கீழே படித்ததே இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் இன்னும் நகரவில்லை.