தவக்காலக் கீரை

கரண்டி கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தேன், வலக்கை அசையவில்லை. கணவர் அந்தோணியைக் கூப்பிட வாயைத் திறந்தால் உளறல்தான் வந்தது.

அதற்கு எட்டு மாதம் முன்புதான் எனக்கு இதய வால்வு (இரத்தத்தை ஒரே திசையில் விடும் கதவு) மாற்றியிருந்தார்கள். உலோக வால்வு. அதில் இரத்தம் கட்டாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை). இரண்டையும் நான் தவறவிட்டதே இல்லை.

பிறகு எங்கே தப்பு? என்னைப் போல வால்வு வைத்துக்கொண்டவர்களுக்காகச் சொல்கிறேன்.

உறுவையாறு கிராமத்தில் எங்கள் வாசலை ஒட்டிச் சிவப்புப் பொன்னாங்கண்ணி வளர்த்தேன். ஒரு தண்டை ஒடித்து நட்டால் போதும், வருஷக்கணக்கில் கிடக்கும். கிள்ளக் கிள்ளப் புதராகும். அழகுக்கு வைத்தது என்றுதான் வருகிறவர்கள் நினைப்பார்கள். வாரம் ஒருநாள் பொரியலுக்கும் கிள்ளுவேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. உயிர் பிழைத்த நன்றிக்கு, நாற்பது நாளும் கறி, மீன், முட்டை தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டேன்.

“ஒடம்பு தாங்குமா, லூர்து?” என்றார் அந்தோணி.

“வாசல்லயே கீர கெடக்குது. இன்னா ஆவப்போவுது?” என்றேன்.

தினமும் தட்டு நிறையத் தின்றேன். மூன்றாவது வாரம், அடுத்த ஐ.என்.ஆர். சோதனைக்கு முன்பே, பக்கவாதம்.

“சாப்பாட்டுல எதையாவது மாத்துனீங்களா?” என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். அந்தோணி சொன்னார்.

“தெனமுமா? கீரையில இரத்தத்தை உறைய வைக்கிற சத்து இருக்கு, அது கூடுனா மாத்திரை வேலை செய்யாதும்மா. வால்வுல கட்டுன இரத்தம் மூளைக்குப் போயிடுச்சு. கீரையை விடவும் வேணாம், ஏத்தவும் வேணாம். எப்பவும் ஒரே அளவு.”

வால்வு வைத்த ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் இது ஒரு வரியாக இருந்ததாம். இங்கிலீஷில். ஸ்கேன் படங்களுக்கு அடியில் மடித்து வைத்திருந்தோம். மாத்திரை நேரத்தை வாயால் சொன்னவர்களுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை.

வீடு திரும்பியதும் அந்தோணி மண்வெட்டியோடு வாசலுக்குப் போனார். “அத வுடுங்க. செடி இன்னா பண்ணுச்சு?” என்று தடுத்தேன். இப்போது வாரம் ஒரு பிடி, அவர்தான் கிள்ளித் தருகிறார்.

பேச்சு திரும்பிவிட்டது. கை திரும்பவில்லை. ஜாக்கெட் கொக்கி மாட்டவே கால்மணி நேரம் ஆகிறது. குளித்து உடுத்துவதிலேயே காலைப்பொழுது போய்விடுகிறது. சோற்றை இடக்கையால் பிசையப் பழகிவிட்டேன்.

பார்க்க வந்த பங்குச் சாமியார், சிலுவை அடையாளத்தையும் இடக்கையாலேயே போடலாம், ஆண்டவர் ஏற்றுக்கொள்வார் என்றார்.

“அவரு ஏத்துக்குவாரு, சாமி. எனக்குத்தான் இன்னும் நாளாவும்” என்றேன்.