ஐம்பதாவது கோடு

எங்கள் கேப்டன் எக்பெர்ட் தீல்கேக்குத் தொண்டை வலி. மருந்தில் தீராத வலி; கழுத்தில் வீரச் சிலுவைப் பதக்கம் தொங்கினால்தான் தீரும். ஜெர்மனியில் ஹானோவருக்கு வடக்கே எங்கள் விமானத்தளத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் இப்படித்தான் சொல்லிச் சிரிப்போம்.

மாவுமில்காரர் மகன். இருபத்தாறு வயதில் முப்பது விமானிகளுக்குத் தலைவர். 1944 வசந்தத்தில் அந்த முப்பதில் ஒன்பது பேர்தான் மிச்சம். தலைவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. என்ன சாமர்த்தியம்! குறி தப்பினால் மட்டும் துப்பாக்கி சரியில்லை என்று மெக்கானிக்கான என்னைத் திட்டுவார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்!

எதிரி விமானம் ஒன்றை வீழ்த்தினால் அவருடைய விமானத்தின் வாலில் நான் ஒரு கோடு வரைய வேண்டும். நாற்பத்தொன்பது வரைந்தாயிற்று. ஐம்பதானால் பதக்கம் என்று அவருக்கு நம்பிக்கை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பார்த்தவன் கையெழுத்து வேண்டும். பார்க்கிறவன், அவர் முதுகைக் காத்துப் பின்னால் பறக்கும் ஆல்வின்.

ஆல்வினுக்கு மகள் பிறந்து ஆறு வாரம். முகம் பார்க்கவில்லை.

"நாலு நாள் லீவு குடுங்க சார்."

"ஐம்பது ஆகட்டும்டா, நானே ரயிலேத்தி விடுறேன்."

அன்று மதியம் கேப்டன் தளத்துக்கு மேல் இறக்கையை ஆட்டிக்கொண்டு வந்தார். ஒன்று விழுந்தது என்று அர்த்தம். நான் பெயின்ட் டின்னைத் திறந்தேன். பின்னால் இறங்கிய ஆல்வின் என்னிடம் முணுமுணுத்தான்:

"மூடுங்கண்ணே. அது மேகத்துக்குள்ள போயிடுச்சு. விழவே இல்ல."

கேப்டன் இரண்டு தாள்களை நீட்டினார். சாட்சித் தாள் ஒன்று, லீவுத் தாள் ஒன்று. "நீ இதுல போடு, நான் அதுல போடுறேன்."

ஆல்வின் லீவுத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஏற்கெனவே நாலு பொய் போட்டுட்டேன் சார். இனி முடியாது."

கேப்டன் லீவுத் தாளை நாலாகக் கிழித்தார். நான் பெயின்ட் டின்னை மூடினேன். வாயைத் திறந்தேனா? இல்லை. நானும் ஒரு வீரன்தானே!

மறுநாள் காலை இருவரும் பறந்தார்கள். கேப்டன் மட்டும் திரும்பினார், இறக்கையை ஆட்டிக்கொண்டு. குதித்து இறங்கினார்.

"ஐம்பது! இந்தத் தடவை நெசமாவே விழுந்துச்சுய்யா! தீப்பிடிச்சு விழுந்துச்சு!"

"ஆல்வின் எங்க சார்?"

"அவனா? அவனும் போயிட்டான். பாராசூட் விரியல." கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

"அடச்சே! இப்போ எனக்குக் கையெழுத்து யாருய்யா போடுவா?"