பெயர் எழுதாத தாள்

தகர டப்பாவுக்குள் மூக்கை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்கிறார் பல்லுக்காரர். பக்கத்திலேயே வெப்பமானி கிடக்கிறது. மூக்கு சொன்னதை அது ஒப்புக்கொள்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அதை வைத்திருக்கிறார். மெழுகு உருகித் தெளிந்தால் தேன் வாசனை வரும். சூடு கூடிப்போனால் தொண்டை கமறும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறதாம். அந்த இடம் வந்ததும் தூரிகையை முக்கிப் பலகையில் ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்புக்குள் மெழுகு தூரிகையிலேயே உறைந்துவிடும். மறுபடி டப்பாவுக்கு ஓட வேண்டும்.

அவர் பல் டாக்டர் இல்லை. தெருவில் பாதிப் பேருக்கு இந்த விஷயம் இன்னும் எட்டவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறார்கள். டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சை வைத்துப் பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறார். அச்சில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, மெழுகால் ஈறு கட்டி, அதில் பற்களை ஒவ்வொன்றாக நிறுத்துவார். யாருடைய முகமும் தெரியாது, வாய் மட்டும் அத்துப்படி. கடைத்தெருவில் எதிரே வருகிற பெரியவர் யாராவது சிரித்தால் மனைவியின் பக்கம் சாய்ந்து, "மேல் வரிசை நம்மளுது" என்பார். மனைவி கையைக் கிள்ளி நகர்த்திக்கொண்டு போவார்.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய மெழுகு ஈறு நிலைப்பதில்லை என்பதுதான் அந்தத் தொழிலின் கூத்து. பற்களை நிறுத்தி முடித்ததும் சுற்றிலும் பிளாஸ்டரை இறுக்கி, வெந்நீர் விட்டு மெழுகை உருக்கி வெளியேற்றிவிடுவார்கள். அது இருந்த இடத்தில் வேறு பொருள் போய் உட்கார்ந்துகொள்ளும். "நான் மெழுகுல செஞ்சது ஒண்ணுகூட மிச்சம் இல்ல. எல்லாம் தண்ணியில போச்சு" என்பார். குறை சொல்லும் குரலில்லை, பஸ் போய்விட்டது என்று சொல்லும் குரல். நாலு வருஷத்துக்கு முன்னால் ஏதோ பத்திரிகையில், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் சூடான மெழுகில் வரைந்த முகங்கள் இன்றும் நிறம் கெடாமல் இருப்பதாகப் படித்தார். அன்று மாலை வேலையிலிருந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் ஒரு மெழுகுவத்தியைச் சட்டியில் போட்டு உருக்கினார். சட்டி பாழாய்ப் போயிற்று. ஆசை மட்டும் ஒட்டிக்கொண்டது.

துணி காயப்போடும் பின்பக்கத்து இடம்தான் இப்போது அவர் பட்டறை. தேன்மெழுகு எட்டுப் பங்கு, குங்கிலியம் ஒரு பங்கு. குங்கிலியம் சேர்ந்தால்தான் மெழுகு கெட்டிப்பட்டு நகத்துக்கு அசையாமல் நிற்கும். இந்தப் பக்குவத்துக்கு வருவதற்குள் ஒரு வருஷம் ஓடிப்போனது. முனை தேய்ந்ததென்று கூடத்தில் கழித்துக்கட்டிய மெழுகுக் கத்தியும் செதுக்கும் ஊசியும் இங்கே வந்து சேர்ந்துவிட்டன. நிறங்களில் ஒரே ஒரு பிடிவாதம், ரோஜா நிறம் கிட்டே வரக் கூடாது. இருபத்தாறு வருஷ ஈறு போதுமாம். மற்றபடி கைக்குக் கிடைத்ததெல்லாம் மெழுகுக்குள் போகிறது: டீத்தூள், துருப்பிடித்த கம்பிவலை, பஸ் டிக்கெட், முட்டை ஓடு, சுவரிலிருந்து உதிர்ந்த பூச்சு. ஒவ்வொரு பலகையின் பின்னாலும் என்ன சேர்த்தார், எவ்வளவு நேரம் சூடு காட்டினார், எப்படிக் கெட்டது என்று எழுதிவைக்கிறார். 'பிளாஸ்டிக் பெயின்ட் மேல் பூசியது. மூன்றாம் நாள் தோலாக உரிந்து வந்தது' என்கிறது ஒன்று. 'உப்பு. வேண்டாம்' என்கிறது இன்னொன்று. 'தேனீ வந்து உட்கார்ந்தது. விரட்டவில்லை, தானே போயிற்று' என்றும் ஒன்று இருக்கிறது.

முன்னறை அவர் மனைவியின் ராஜ்யம். தையல் வேலை. தையல் மிஷின், வெட்டு மேஜை, ஆளுயரக் கண்ணாடி போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் விருந்தாளி உட்கார வேண்டும். பல்லுக்காரர் மனைவியை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். முதலில் கேலியாக ஆரம்பித்தது, இப்போது பெயராகவே நின்றுவிட்டது. மாஸ்டருக்கும் மெழுகுக்கும் ஆரம்பத்தில் ஆகவில்லை. பலகையில் மெழுகைச் சமமாகப் படிய வைக்கலாமே என்று பல்லுக்காரர் ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஓட்டிவிட்டார். மறுநாள் காலை ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டை முதுகில் நீலத்தில் ஒரு தீவு. மாஸ்டர் திட்டவில்லை. ஒரு வாரம் அவர் சட்டைகளைச் சுருக்கத்தோடு விட்டுவிட்டார். எட்டாம் நாள் பல்லுக்காரர் ஹீட் கன் ஒன்று வாங்கிவந்தார். சூடான காற்றை ஊதும் கருவி. தலைமுடி காயவைக்கும் கருவியின் முரட்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்கப்புறம் வீட்டில் ஓர் ஒப்பந்தம் வந்தது. வெட்டு மேஜைக்கு மேலே நீளக் கம்பியில் பழுப்புத் தாளில் வெட்டிய அளவுகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் மாஸ்டர் பெயர் எழுதியிருப்பார்: 'கண்ணாடிக்கார டீச்சர்', 'மளிகைக்கடை மாப்பிள்ளை, வயிற்றில் ஒரு விரல் தாராளம்'. பெயர் எழுதிய தாள் ஓர் ஆளுடையது, அதன் மேல் கை படக் கூடாது. பெயரில்லாத துண்டும் துணுக்கும் பல்லுக்காரருக்கு. இரண்டு வருஷம் இந்த ஏற்பாடு சிக்கலில்லாமல் ஓடியது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பியின் கடைக்கோடியில் ஒரு தாளைப் பார்த்தார். ஒரு சட்டையின் முதுகுப் பக்கம். மற்றவர்களுக்குப் பாதி முதுகு வெட்டினால் போதும், துணியை இரண்டாக மடித்துப் போட்டு வெட்டிவிடலாம். இது முழு முதுகு. ஒரு பக்கம் இறங்கி, மறு பக்கம் ஏறி, இடையில் அப்படி ஒரு வளைவு. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பெயர் இல்லை. தாளைப் படுக்கவைத்துப் பார்த்தபோது அது மலைச்சரிவாகத் தெரிந்தது. பலகையில் ஒட்டி, மேலே தெளிந்த மெழுகு ஊற்றி, சூடு காட்டியதும் தாள் கண்ணாடிபோல் தெளிந்து பென்சில் கோடுகள் மேலே எழும்பி வந்தன. ஓரங்களில் காவி, கீழே டீத்தூள். அன்று பலகையின் பின்னால் 'கெடவில்லை' என்று மட்டும் எழுதினார். நூலக மாடியில் நடக்கவிருந்த ஓவியக் கண்காட்சிக்கு இதையும் சேர்த்து ஏழு படங்களின் போட்டோவை அனுப்பினார். இது ஒன்றுதான் தேறியது. அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனார். ஐம்பத்தோரு வயதில் முதல்முறையாக அவர் மெழுகில் செய்தது ஒன்று ஒரு சுவரில் நிற்கப்போகிறது.

கடிதம் வந்த அடுத்த வாரம் மாஸ்டர் கம்பியைத் தடவிக்கொண்டே போய்க் கடைக்கோடியில் நின்றார். மூன்று முறை தேடினார். பிறகு பின்பக்கம் வந்து கேட்டார். பல்லுக்காரர் பலகையைத் தூக்கிவந்து காட்டினார். அவருக்குச் சந்தோஷம்தான், மாஸ்டருக்கும் பிடித்துப்போய்த்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பேரில்லாத தாள் என்னோடதுன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். இதுல வேணும்னுதான் எழுதல" என்றார் மாஸ்டர்.

ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் பெண் ஒருத்தியுடையது அது. முதுகெலும்பு வளைந்தே பிறந்தவள், ஒரு தோள் மற்றதைவிட மூன்று விரல் மேலே. போன தையல் கடையிலெல்லாம் டேப்பை வைத்துவிட்டு அளவை உரக்கச் சொல்வார்களாம். ஒருவர் சரியாகத்தான் படித்தோமா என்று மறுபடியும் அளந்தாராம். மூன்று வருஷத்துக்கு முன் இங்கே வந்தவளை மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டு, வாய் திறக்காமல் அளந்து, இந்தத் தாளை வெட்டினார். இனி உன் மேல் டேப் வைக்க மாட்டேன், இது போதும் என்று அன்றைக்கே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வருகிறவர் போகிறவர் படிக்கக் கூடாதென்று பெயரை எழுதவில்லை. இப்போது அவளுக்குப் பதவி உயர்ந்திருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இல்லை, நடைமேடையில் நாலு பேர் பார்க்க நடக்க வேண்டும். அதற்கு ஒரு கோட்டு வேண்டும். வெள்ளிக்கிழமை வாங்க வருகிறாள்.

"அது அவ முதுகுங்க" என்றார் மாஸ்டர்.

பல்லுக்காரருக்கு அவமானமாக இருந்தது. வாய்வாயாகப் பார்த்துப் பழகியவருக்கு, ஒரு தாளுக்குள்ளும் ஆள் இருக்கும் என்று தோன்றவில்லை. உருக்கி எடுத்துவிடுகிறேன் என்று ஹீட் கன்னைக் கையில் எடுத்தார். உருக்கினால் படம் போய்விடும், சுவரும் போய்விடும். அது தெரிந்துதான் எடுத்தார். சூட்டில் ஊறிய தாள் கிழிந்தால் படத்தோடு அளவும் போகும் என்று மாஸ்டர் கையைப் பிடித்து நிறுத்தினார். பலகையை வெட்டு மேஜையில் போட்டு, கழுத்திலிருந்து இடுப்பு வரை டேப் வைத்துப் பார்த்தார். தாளில் எழுதியிருந்த அளவுதான், ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை. பிறகு மேலே பட்டர் பேப்பரை விரித்தார். கோடு தெரிந்தது, ஆனால் மெழுகின் மேல் பென்சில் வழுக்கியது. இழுப்பறையைத் திறந்து, கோடு எடுக்கும் முள் சக்கரத்தை எடுத்தார்.

அந்தச் சக்கரம் ஓடியபோது பல்லுக்காரர் மேஜையின் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். சக்கரத்தின் முட்கள் பேப்பரைத் துளைத்து மெழுகிலும் இறங்கின. கழுத்து, ஏறிய தோள், அந்த வளைவு, இடுப்பு. மாஸ்டர் ஓரிடத்திலும் தயங்கவில்லை. பேப்பரை உரித்தபோது அளவு மாஸ்டரிடம் இருந்தது, படத்தின் மேல் வரிசையாகப் பொட்டுப்பொட்டாகத் துளைகள் இருந்தன.

சூடு காட்டினால் அரை நிமிஷத்தில் அத்தனை துளையும் மூடிக்கொள்ளும். பல்லுக்காரர் ஹீட் கன்னைப் போட்டார், படத்தின் பக்கம் திருப்பாமல் பிடித்துக்கொண்டு நின்றார், அணைத்தார். நீல எண்ணெய் வண்ணத்தைத் துணியில் தொட்டுப் படம் முழுக்கத் தேய்த்தார். இன்னொரு துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்தார். மேலே இருந்த நீலமெல்லாம் வந்துவிட, துளைகளுக்குள் போனது மட்டும் தங்கியது. மாஸ்டர் எட்டிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவளைக் கேட்காமல் இது வாசலைத் தாண்டக் கூடாது என்றார். அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். பல்லுக்காரர் அன்றைக்கே நூலகத்துக்குப் போன் செய்து, வெள்ளி மாலைக்குள் சொல்கிறேன், இல்லையென்றால் என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த நாலு நாளும் அவர் மெழுகு உருக்கவில்லை. வீட்டில் தேன் வாசனை இல்லாதது மாஸ்டருக்கே ஒரு மாதிரி இருந்தது.

டிக்கெட் பெண் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வந்தாள். முப்பதைத் தாண்டியிருக்கும். கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முகத்தைக் காட்டினாள், பிறகு பக்கவாட்டில், பிறகு கழுத்தைத் திருப்பி முதுகை. ஓரிடத்திலும் தூக்கவில்லை, ஓரிடத்திலும் தொங்கவில்லை. "எப்படிக்கா அப்படியே உக்காருது?" என்றாள். மாஸ்டர் கோட்டின் கையிலிருந்த நூலைக் கடித்து எடுத்துவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சுற்றி வளைக்கத் தெரியாத மனுஷி. பல்லுக்காரர் வாசற்படியில் டீ டம்ளரோடு நின்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"பாக்கலாமா, சார்?"

பின்பக்கம் கூட்டிப்போனார். படம் தரையில், சுவரோரமாகப் படுக்கைவாட்டில் சாய்ந்திருந்தது. அது மலை என்று நினைத்துத்தான் செய்தேன், யாருடையதென்று தெரியாது, தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன் என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

"வேணாம்னா சொல்லிடும்மா. இப்பவே, உன் கண்ணெதிர்லயே உருக்கிடறேன்" என்றார்.

அவள் புதுக் கோட்டோடு தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நீலப் புள்ளிகளின் மேல் விரல் நுனியை வைத்து, கழுத்திலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து வளைவுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். இது என்ன என்று கேட்டாள். தான் சக்கரம் ஓட்டிய தடம் என்று மாஸ்டர் பின்னாலிருந்து சொன்னார். விரல் இடுப்பு வரை போய் நின்றது.

பல்லுக்காரர் காத்திருந்தார். அவள் எழுந்து, இரண்டு ஓரங்களையும் பிடித்துப் பலகையைத் தூக்கி, கழுத்துப் பக்கம் மேலே வரும்படி திருப்பி, சுவரில் நிமிர்த்தி வைத்தாள். "நூலகத்துலயும் இப்படித்தான் நிக்கணும், சார்" என்றாள்.