கடைசி வீட்டுக்கு முன்னால் நாலு மைல்

நானாவின் முகத்தைவிட அவருடைய முதுகுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆறு வருடம் அவருக்குப் பின்னால் சைக்கிள் மிதித்தவன் நான். காக்கிச் சட்டையில் முதலில் தோள்பட்டைகளுக்கு நடுவே வியர்வை ஊறும். நாவுல ஊரைத் தாண்டி வயல்வெளி முடிவதற்குள் அது இடுப்புப் பட்டி வரை இறங்கிவிடும். அதைப் பார்த்தே எத்தனை மைல் வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடுவேன். மாத்தளையில் மூத்த முஸ்லிம் ஆண்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். இவர் என்னைவிட ஐந்தே வயது மூத்தவர், எனக்கு இருந்த அதே வேலைதான் அவருக்கும். அறுபதுகளில் மலேரியாவை ஒழிக்க ஊர் ஊராகச் சைக்கிளில் அலைந்தவர்களில் நாங்களும் இரண்டு பேர். கிராமத்துச் சிங்களச் சனங்கள் எங்களை 'மலேரியா மாத்தயா', அதாவது மலேரியா ஐயா, என்பார்கள்.

சென்ற வருடம் மருமகன் தன் வேனில் அந்தப் பாதையில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இப்போது தார் போட்டிருக்கிறார்கள். இறுக்கமான கலர்ச் சட்டை போட்ட நாலைந்து வெள்ளைக்காரர்கள் மெல்லிய சைக்கிள்களில் சிரித்துக்கொண்டு போனார்கள். "என்ன அமைதியான ரோடு மாமா. சைக்கிள் ஓட இதவிட நல்ல எடம் கெடைக்காது" என்றார் மருமகன். அமைதியாம். வண்டி வராத, ஆள் வராத, ஒரு வாய் தண்ணீர் கேட்க வீடில்லாத பாதைக்கு இப்போது வைத்திருக்கும் பெயர் அது. அன்றைக்குக் குளக்கட்டு வரைக்கும்தான் ஏறி மிதிக்கலாம். அதற்கப்புறம் மருத மரங்களுக்கு நடுவே கணுக்கால் புதைகிற மணல். இறங்கித் தள்ள வேண்டும். சைக்கிளோ இரும்புக் கட்டில் மாதிரிக் கனக்கும். மணல் முடிந்தால் எரித்துப் பயிர் வைக்கிற சேனைக் காடு, கல் ஏற்றம், யானை லத்தி. மணல் தொடங்குகிற இடத்திலிருந்து நாலு மைலில் ஐந்தே ஐந்து வீடுகள். அதோடு எங்கள் பாதை முடியும்.

இரண்டு கிழமைக்கு, அதாவது பதினாலு நாளைக்கு, ஒரு தரம் ஒவ்வொரு வீட்டிலும் "யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்க வேண்டும். இருந்தால் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, பெயர் எழுதிக் கொண்டுவர வேண்டும். கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையில் தேதி போட்டு ஒப்பம் வைக்க வேண்டும். கஷ்டம் என்னவென்றால், அந்த வருடங்களில் நோய் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை என்று வெறும் பெட்டியோடு திரும்பினால், நீங்கள் போகவே இல்லை என்று காரியாலயத்தில் ஏசுவார்கள். அதனால் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகுகிறவன், தலை வலிக்கிறவன் என்று அகப்பட்டவர் விரலிலெல்லாம் குத்தினோம். நோயை விரட்டியதற்கு எங்களுக்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

அந்த ஆவணி மாதம் மழையே இல்லை. மணல் தொடங்குகிற இடத்தில் என் பின் டியூப் வெடித்தது. நானா தன் சைக்கிளை மருத மரத்தில் சாய்த்துவிட்டு, அதன் ஹேண்டிலில் தலையை வைத்துக்கொண்டார். நாலைந்து நாளாகவே அவர் சரியில்லை. ஒரு நாள் நன்றாக இருப்பார், மறுநாள் பகலில் உடம்பு நடுங்கும். கேட்டால், "ஒன்னுமில்ல தம்பி, அலுப்பு" என்பார். நானும் அலுப்பு என்றே நம்பினேன். எனக்கு மட்டும் அலுப்பில்லையா? ஊரெல்லாம் காய்ச்சலா, காய்ச்சலா என்று கேட்டுத் திரிந்த இரண்டு பேரும் எங்களை நாங்களே ஒரு தரம் கேட்டுக்கொள்ளவில்லை.

"இன்னும் நாலு மைல் போயி என்னத்தப் பாக்கப்போறோம்? போன தடவையும் ஒருத்தருக்கும் ஒன்னுமில்ல" என்றார். பெட்டியைத் திறந்து தன் இடது கை விரலிலேயே குத்தினார். மூன்று தகடுகள். கடைசி வீட்டுப் பெண், அவள் புருஷன், பக்கத்து வீட்டுக் கிழவர் என்று மூன்று பெயர்களை எழுதினார். வீட்டு அட்டைகளில் அடுத்த தடவை இரண்டு தேதிகளையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். சும்மா பார்த்துக்கொண்டிருக்க ஒரு மாதிரியாக இருந்தது. "என் விரல்லயும் குத்துங்க நானா" என்று கையை நீட்டினேன்.

"ஒனக்கெதுக்கு நோவு? எனக்கு விரல் மரத்துப்போச்சு" என்று என் கையைத் தள்ளிவிட்டார். நிழலில் கொஞ்சம் கண்ணயர்ந்தோம். டியூபை ஒட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம்.

பத்து நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. மூன்று தகட்டிலும் மலேரியா. வருடக்கணக்காக நோயில்லாத இடத்தில் ஒரே தடவையில் மூன்று பேர் என்றதும் காரியாலயமே எழும்பி நின்றது. இருந்தது ஒரே ஒரு ஜீப். அதில் மருந்து தெளிக்கிற ஆட்களையும் மாத்திரைப் பெட்டியையும் ஏற்றி, அந்த ஐந்து வீட்டுக்கு அனுப்ப அதிகாரி உத்தரவு போட்டுவிட்டார். நானா என்னைச் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். முகம் மஞ்சளாக இருந்தது.

"அது என் ரத்தம் தம்பி. எனக்குத்தான் வந்திருக்கு."

"பேசாம இருங்க நானா. மாத்திரைய எங்கயாவது வாங்கிப் போட்டுக்குவோம்" என்றேன்.

"எனக்கு எங்கேருந்து வந்திச்சு? போன மாசம் லீவுல போனவனுக்குப் பதிலா வில்கமுவைக்கு வேலைக்குப் போனேனே, பஸ் இல்லாம அந்த வயல் குடில்ல ஒரு கெழம தங்கினேன். அங்க ஒரு பொம்பளப் புள்ள, உச்சி வெயில்ல போர்வையப் போத்திக்கிட்டு உக்காந்திருந்திச்சு. கேட்டேன். தடிமன்னு சொன்னாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன். இப்ப ஜீப்பு இந்தப் பக்கம் போனா, அந்தப் புள்ளயப் பாக்க யாரு போவா?"

வீட்டில் அவருக்கு மூன்று பிள்ளைகள், கல்யாணம் ஆகாத இரண்டு தங்கச்சிமார். பொய்த் தகடு கொடுத்தவனை ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். நான் அவர் கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு அதிகாரியின் அறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன். பழக்கம், அவ்வளவுதான்.

நானா எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். அதிகாரி கத்தவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீயும் பக்கத்துலதான் இருந்தியா?"

"இல்ல சேர். என் டியூப் வெடிச்சிருச்சு. நான் பின்னால நின்னுட்டேன்" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுக்க நேரம் இருந்தது, நிறையவே இருந்தது. நானா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆமா சேர். அவன் ஒட்டு ஒட்டிக்கிட்டிருந்தான். அவனுக்கு ஒன்னும் தெரியாது" என்றார்.

ஜீப் வில்கமுவைக்குப் போனது. அந்தப் பெண் பிள்ளையோடு இன்னும் சிலரும் படுத்துக் கிடந்தார்களாம். இரண்டு நாள் பிந்தியிருந்தால் பிள்ளை தப்பியிருக்காது என்று டிரைவர் வந்து சொன்னார். நானாவுக்குப் பதினான்கு நாள் மாத்திரையும் வேலை நீக்கக் கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. மாத்தளைச் சந்தையில் மிளகு மூட்டை தைக்கிற வேலைக்குப் போனார்.

பாதை என் ஒருவனுக்கு வந்தது. முன்னால் முதுகு இல்லாமல் அந்த மணலில் தள்ளுவது எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசி வீட்டுப் பெண் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "மற்ற மாத்தயா எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டாள். மாற்றலாகிப் போய்விட்டார் என்றேன். அதற்குப் பிறகு ஒரு தரம்கூட அந்த ஐந்து வீட்டை நான் விட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன், முழங்கால் வீங்கிப் போயிருக்கிறேன். பக்தி என்றோ கடமை என்றோ யாரும் நினைத்துவிட வேண்டாம். வெட்கம்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. காரியாலயத்தில் தேநீரும் கேக்கும் வைத்தார்கள். நானாவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். வரமாட்டார் என்ற தைரியத்தில்தான் சொல்லி அனுப்பினேன். வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அதே அதிகாரி எழுந்து, "யாரும் பார்க்காத பாதையிலும் கடைசி வீடு வரை போன மனுசன் இவர்" என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானாவும் தட்டினார், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினார்.

பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சரியாத்தானே சொன்னாரு தம்பி" என்றார். அதிகாரி எனக்குப் பக்கத்திலேயே கேக் தின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு நானும் கூடத்தான் இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் காதில் விழும். நானா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் நானாவுக்கு ஒரு கோப்பைத் தேநீர் எடுத்துக் கொடுத்தேன்.